விண்கல்லின் முத்திரையும் அழிவின் காரணமும்

சேலம் கருப்பூர்ப் பக்கத்து வெள்ளைக்கல் சுரங்கங்களில் பழுப்பேறிய பாறையை வெள்ளை நரம்புகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருக்கும். நரம்பு மேக்னசைட்; அதைத் தாங்கும் பாறை டியூனைட், புவியின் ஆழத்து மேன்டிலை மூலமாகக் கொண்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட்டுக்கு ஊடே குரோமைட் பட்டைகள் ஓடுகின்றன. விண்கல் மோதித்தான் உயிரினங்கள் கூட்டமாக அழிந்தனவா என்று ஐசோடோப்புகளால் சோதிக்கும் முறை எங்கே தடுமாறும், எங்கே தேறும் என்பதை இந்த இரு கற்களை வைத்தே விளக்கிவிடலாம்.

1980இல் லூயிஸ் ஆல்வரெஸ், வால்டர் ஆல்வரெஸ் குழுவினர், இத்தாலியின் குப்பியோவில் டைனோசர்கள் மறைந்த காலத்துக் களிமண் அடுக்கில் இரிடியம் சுமார் 30 மடங்கு கூடியிருப்பதைக் காட்டி, அதை விண்கல் கொண்டுவந்தது என்றனர். இரிடியம் எரிமலை வழியாகவும் வரலாமே என்று மறுப்பு எழுந்தது. தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பொங்கிய காலமும் அதுவே என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. ஒரு தனிமம் எவ்வளவு இருக்கிறது என்பது அது எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அதற்கு ஐசோடோப்பு விகிதம் வேண்டும்.

முதலில் கைகொடுத்தது ஆஸ்மியம். ரீனியம்-187 சிதைந்து ஆஸ்மியம்-187 ஆகிறது. ரீனியம் மிகுந்த கண்டப் பாறைகளில் ஆஸ்மியம் 187/188 விகிதம் சராசரியாக 1ஐத் தாண்டும்; விண்கற்களில் ஏறக்குறைய 0.13தான். 1983இல் லக், துரேக்கியன் இருவரும் டைனோசர்கள் மறைந்த காலத்துக் களிமண்ணில் விண்கல்லை ஒத்த தாழ்ந்த விகிதத்தைக் கண்டனர். ஆனால் மேன்டிலின் விகிதமும் அதே 0.13ஐ ஒட்டியது. கருப்பூர் டியூனைட் போன்ற கல்லை ஊர்பேர் சொல்லாமல் ஆய்வகத்துக்கு அனுப்பினால், ஆஸ்மியத்தை மட்டும் பார்ப்பவர் அதை வானத்துக் கல் என்றே எண்ணக்கூடும்.

இந்த ஓட்டையை அடைத்தது குரோமியம். பூமியின் ஆழத்தில் உருவான பாறைகளில் குரோமியம்-53இன் பங்கு கிட்டத்தட்ட ஒன்றே; சித்தம்பூண்டிக் குரோமைட்டும் அந்தக் கணக்கில்தான் அடங்கும். விண்கற்கள் அதிலிருந்து விலகி நிற்கின்றன. 1998இல் ஷுகோல்யுகோவ், லுக்மைர் இருவரும் டென்மார்க், ஸ்பெயினில் உள்ள அதே காலத்துக் களிமண்ணில் இந்த விலகலை அளந்தனர். 2024இல் ருத்தேனியத்தை அளந்த குழு, மோதிய சிறுகோள் வியாழனுக்கு அப்பால் உருவானது என்று சொல்லும் அளவுக்குப் போனது.

தவறான உரிமைகோரலைச் சோதித்துப் பார்க்க முடிவது இம்முறையின் இன்னொரு பலம். சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பெர்மியன் அழிவுக்கும் விண்கல்லே காரணம் என்று 2001இல் ஹீலியம்-3ஐ ஆதாரம் காட்டினர். அதே ஆண்டில் வேறு குழு சீனாவின் மெய்ஷான் பாறைகளை அளந்தபோது அந்த ஹீலியம் கிடைக்கவில்லை.

பெரிய குறை வேறிடத்தில் இருக்கிறது. சுமார் 3.5 கோடி ஆண்டுகளுக்கு முன் சைபீரியாவின் போபிகாயில் 100 கி.மீ. அகலப் பள்ளம் விழுந்தது. அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவிலும் ஒன்று. அக்காலக் கடற்படிவில் ஆஸ்மியம் விகிதம் சரிந்து மோதலைப் பதிவு செய்திருக்கிறது. பேரழிவோ நிகழவில்லை. கல்லின் அளவிலும் குழப்பம் உண்டு: ஆல்வரெஸ் குழு டைனோசர் காலக் கல்லுக்குச் சுமார் 10 கி.மீ. விட்டம் கணித்தது, 2008இல் கடலின் ஆஸ்மியத்தைக் கொண்டு கணித்தவர்களுக்குக் கிடைத்தது 4 கி.மீ. சொச்சம்.

ஆக, எது மோதியது என்ற கேள்விக்கு இம்முறையை நம்பலாம்; அதுவும் ஆஸ்மியமும் குரோமியமும் ஒத்துப்போகும்போது. எது கொன்றது என்பதைப் புதைபடிவ வரிசையும் துல்லியமான காலக்கணிப்பும்தான் தீர்மானிக்க வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவதற்கும் எழுதிவிடுவது ஆய்வாளரின் அவசரம். அதற்குக் கருவியைக் குறைசொல்லிப் பயனில்லை.