பழைய தட்டச்சுப்பொறிகள்: சேர்த்து வைத்தால் போதுமா?

பழைய கருவி ஒன்றைத் தேடி எடுத்து வீட்டில் வைப்பது ஒரு வேலை. அது எங்கே, எப்போது செய்யப்பட்டது, எவ்வாறு இயங்கியது, யாரிடம் இருந்தது என்று எழுதி வைப்பது மற்றொரு வேலை. டக் நிக்கல் இயக்கி 2016-இல் முதன்முதலாகத் திரையிடப்பட்ட ‘கலிபோர்னியா டைப்ரைட்டர்’ என்னும் அமெரிக்க ஆவணப்படம் முதல் வேலையை மிக அழகாகக் காட்டுகிறது. இரண்டாவதைப் பற்றி அது சொல்லாமல் விட்டவை பல. அறிவியல் மாணவர் இப்படத்தை இவ்விரு கோணங்களிலும் பார்ப்பது நல்லது.

கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்கிலி நகரில் இருந்த ஒரு பழுதுபார்க்கும் கடையின் பெயரே படத்தின் பெயர். கணிப்பொறிக் காலத்தில் அக்கடை பிழைக்குமா என்பது கதையின் ஓர் இழை. தட்டச்சுப்பொறியை விரும்புவோர் பலர் இடையிடையே பேசுகின்றனர். நடிகர் டாம் ஹாங்ஸ் தாம் சேர்த்த பொறிகளைக் காட்டுகிறார். வரலாற்றாசிரியர் டேவிட் மெக்கல்லோ, 1965-இல் பழைய பொருளாக வாங்கிய ராயல் பொறியிலேயே தம் நூல்களை எழுதியவர். நாடக ஆசிரியர் சாம் ஷெப்பர்டும் வருகிறார். ஒரு கருவி மனிதனின் சிந்தனைக்கும் கைக்கும் இடையே எப்படிப் பழகிப் போகிறது என்பதை இவர்கள் சொல்லக் கேட்பது இனிமையாக இருக்கிறது.

டொரன்டோ நகரைச் சேர்ந்த சேகரிப்பாளர் மார்ட்டின் ஹாவர்ட் வரும் பகுதிகளே படத்தின் சிறந்த பகுதிகள் எனலாம். அவர் தேடுவது ‘ஷோல்ஸ் அண்டு கிளிடன்’ என்னும் பொறி. ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இது, வணிக முறையில் வெற்றி பெற்ற தட்டச்சுப்பொறிகளின் மூதாதை. இதில் பெரிய எழுத்துகள் மட்டுமே உண்டு. எழுத்துக் கோல்கள் உருளையின் அடிப்பக்கம் அடித்ததால், அடிப்பவர் தாம் அடித்த வரியை உடனே பார்க்க இயலாது. தையல் இயந்திரங்களும் செய்த நிறுவனம் ஆதலால் பொறியின் மேல் பூ வேலைப்பாடு இருந்தது. வண்டியைத் திருப்பக் கால்மிதி வைத்த மாதிரிகளும் உண்டு. 1878-இல் வந்த இரண்டாம் மாதிரியில்தான் சிறிய எழுத்துகளும் இடம்பெற்றன. புதிய கருவி ஒன்று பிறக்கும்போது அருகிலுள்ள பழைய கருவியின் சாயலை எப்படிப் பெறுகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

இனிக் குறைகளைப் பார்ப்போம்.

முதலாவது, பொறியின் உள்ளே நடப்பதைப் படம் நின்று விளக்குவதில்லை. விசையை அழுத்தினால் நெம்புகோல்களின் தொடர் எழுத்துக் கோலைத் தூக்கி, மை நாடாவின் மேல் அடிக்கிறது. அதே அசைவில் ஒரு பற்சக்கரம் ஒரு பல் அளவு விடுபடுகிறது. முறுக்கேறிய சுருள்வில் உடனே வண்டியை ஓர் எழுத்தளவு இடப்புறம் இழுக்கிறது. கடிகாரத்தில் உள்ள அதே தத்துவம்தான்! இரண்டு நிமிடம் இதற்கு ஒதுக்கியிருந்தால், பார்ப்பவர் பொறியை நேசிப்பதோடு புரிந்துகொள்ளவும் செய்திருப்பர்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. ஜெரமி மேயர் என்னும் சிற்பி பழைய பொறிகளைப் பிரித்து, பற்றவைப்போ பசையோ இன்றி, அவற்றின் உறுப்புகளைக் கொண்டே உருவங்கள் அமைக்கிறார். அவர் கைத்திறன் வியக்கத்தக்கது. ஆயினும் ஒரு பொறியை முழுதாகக் காக்க உலகெல்லாம் அலையும் ஹாவர்டையும், பொறிகளைப் பிரிக்கும் மேயரையும் ஒரே பரிவோடு காட்டும் படம், இரண்டுக்கும் இடையிலுள்ள முரண்பாட்டைப் போதிய அளவு ஆராயவில்லை. எந்தப் பொறியைப் பிரிக்கலாம், எதைப் பிரிக்கக் கூடாது? அது எந்த மாதிரி, எத்தனையாவது எண், எஞ்சியவை எத்தனை என்ற குறிப்பு இருந்தால்தான் இதற்கு விடை கூற முடியும். குறிப்பில்லாத இடத்தில் அரிய பொறியும் சாதாரணப் பொறியும் ஒரே பழைய இரும்பு.

குறிப்பு எடுப்பது வெறும் பொழுதுபோக்கன்று. அமெரிக்க அதிகாரி ஆல்ஜர் ஹிஸ் மீதான வழக்கை நினைத்துப் பாருங்கள். அவர் 1950-இல் பொய்ச்சாட்சியக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டார். அவ்வழக்கில் 230099 என்ற எண்ணுள்ள ஒரு ‘உட்ஸ்டாக்’ தட்டச்சுப்பொறி சான்றுப் பொருளாக இருந்தது. அந்த எண்ணுள்ள பொறி உண்மையில் எந்த ஆண்டு செய்யப்பட்டது என்பது, பின்னர் அவர் தரப்பு மறுவிசாரணை கோரியபோது வாதப்பொருளாயிற்று. ஒரு மனிதனின் மானமே ஒரு தொடர் எண்ணின் வயதைப் பொறுத்து நின்றது!

இவ்வெண்ணைக் கொண்டு வயதறியும் முறை எளிது. ஒவ்வோர் ஆண்டும் எந்த எண்ணில் உற்பத்தி தொடங்கியது என்ற பட்டியலோடு ஒப்பிட வேண்டும். வில்ஃப் பீச்சிங் 1974-இல் வெளியிட்ட தட்டச்சுப்பொறி வரலாற்று நூலில் இத்தகைய பட்டியல்கள் உண்டு. பழைய பொறியை மாற்றாக வாங்கிய வியாபாரிகள் வயதறிய வைத்திருந்த பட்டியல்களும் உதவுகின்றன. இவை எல்லாம் துல்லியமானவை அல்ல. ஆகவே பலர் தத்தம் பொறிகளின் எண்களைப் பதிந்து ஒப்பிட்டுத் திருத்துவது அவசியம். அறிவியலில் அளவீடுகளைச் சரிபார்ப்பதும் இப்படித்தானே?

பதிவு குறைந்தால் பொய் எளிதில் பரவும். 1955-இல் இந்தியாவில் தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கிய கோத்ரெஜ் நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய செய்தி, 2011-இல் ‘உலகின் கடைசித் தட்டச்சுப்பொறி ஆலை மூடப்பட்டது’ என்று பல நாட்டு ஏடுகளில் வந்தது. ஆனால் 2012 நவம்பரில் பிரிட்டனில் ‘பிரதர்’ நிறுவனத்தின் ரெக்ஸம் ஆலையிலிருந்து ஒரு பொறி வெளிவந்து, லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்கு வழங்கப்பட்டது. ‘கடைசி’ என்ற சொல்லை எழுதுமுன் ஒருமுறை விசாரிக்க வேண்டும் என்பதே பாடம்.

படம் ஆங்கில எழுத்தின் எல்லைக்குள்ளேயே நிற்பது அதன் உரிமை. ஆனால் நமக்கு அந்த எல்லை போதாது. தமிழின் 247 எழுத்துகளை ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் அடக்கிய திறமை சிறிதன்று. புள்ளிக்குரிய விசையை அடித்தால் குறி விழும், வண்டி நகராது. அடுத்து அடிக்கும் எழுத்து அதன் கீழ் அமரும். இத்துறையின் முன்னோடி யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய தமிழ்ப் பொறி ஒன்று கிடைத்தால், அதில் அடித்த ஒரு தாளே, அன்றைய அலுவலகக் கடிதங்களில் எழுத்துகள் என்ன வடிவில் இருந்தன என்பதற்குச் சான்றாகும். பொறியை எடைக்குப் போட்டுவிட்டால் அச்சான்றும் உடன் போய்விடும்.

ஆகவே மாணவர்கள் இப்படத்தைக் காண வேண்டும். கண்டபின் ஒரு நோட்டுப் புத்தகமும் எடுக்க வேண்டும். அருகில் உள்ள தட்டச்சுப் பயிலகத்திலோ உறவினர் வீட்டுப் பரணிலோ பொறி இருந்தால், நிறுவனம், மாதிரி, தொடர் எண், ஓர் அங்குலத்தில் விழும் எழுத்துகள் பத்தா பன்னிரண்டா, விசைப்பலகையின் வரிசை, பழுதுபார்த்த விவரம், வைத்திருந்தவர் சொல்லும் செய்தி ஆகியவற்றை எழுதி, எல்லா விசைகளையும் அடித்த ஒரு தாளை இணைத்து, தேதி இடுங்கள். இதற்குப் பணம் வேண்டாம். பொறி நமக்குச் சொந்தமாக இருக்கவும் வேண்டாம். டாம் ஹாங்ஸிடம் உள்ள அளவு பொறிகள் நம்மிடம் சேரப் போவதில்லை. ஆனால் ஒரு பொறியைப் பற்றிய உண்மைகளை முழுமையாகச் சேர்ப்பது எந்த மாணவராலும் ஆகக்கூடிய காரியமே.