காலமும் வினைநோக்கும்: ஆங்கில இலக்கண மரபு பற்றிய ஒரு விமர்சனக் குறிப்பு

ஆங்கில வினைக்குப் பன்னிரண்டு காலங்கள் உண்டு என்னும் வாய்பாட்டை நம்மிற் பலர் பள்ளிப் பருவத்திலேயே மனனஞ் செய்திருக்கின்றோம். காலம் மூன்று, ஒவ்வொன்றும் நான்கு வகை, ஆகப் பன்னிரண்டு. கற்பித்தலுக்கு இது வசதியானதே. ஆயின், தன்மையில் வேறான இரு கூறுகளை இவ்வாய்பாடு ஒன்றாக்கி விடுகின்றது. பேசுங் கணத்துக்கு முன்னா, பின்னா என்பது காலம். நிகழ்ச்சியை நடந்துகொண்டிருப்பதாகக் காண்கிறோமா, விளைவு எஞ்சி நிற்பதாகக் காண்கிறோமா என்பது வினைநோக்கு. 'ஹீ இஸ் றைற்றிங்', 'ஹீ ஹாஸ் றிற்றின்' ஆகிய இரண்டிலும் துணைவினை நிகழ்காலத்ததே, வேறுபடுவது நோக்கு.

புலமையாளரும் இக்குழப்பத்தினின்று முற்றாக விடுபட்டாரல்லர். குவேர்க் முதலியோர் 1985 இல் வெளியிட்ட பேரிலக்கணம் 'ஹாஸ்' வடிவத்தை முற்றுநோக்கு என்றே வழங்குகின்றது. அப்பெயரால் நேரும் மயக்கத்தைப் பேர்னாட் கொம்றி 1976 இலேயே சுட்டியிருந்தார். ருசிய மொழியின் முற்றுநோக்குச் செயலைப் பிளவுபடாத முழுமையாகக் காட்டுவது. ஆங்கில 'ஹாஸ்' வடிவமோ முன் நிகழ்ந்ததை இன்றைய நிலையோடு பிணைப்பது. பின்னதற்குத் தமிழில் நெருங்கியது 'வந்திருக்கிறான்' என்பதே. எனினும் 'நேற்று வந்திருக்கிறான்' என நாம் தயக்கமின்றிக் கூறுவோம்; பொது ஆங்கிலத்திலோ 'யெஸ்ரடே' என்னுஞ் சொல்லோடு 'ஹாஸ் கம்' இயையாது. நம் மாணவர் இவ்விடத்தில் வழுவுவது அறியாமையாலன்று, தாய்மொழியின் ஒழுங்கினாலேயாம்.

தொடர்நோக்கின் வரலாறு இன்னுஞ் சுவையானது. வீடொன்று கட்டப்பட்டுக்கொண்டிருப்பதை முற்கால ஆங்கிலேயர் 'த ஹவுஸ் இஸ் பில்டிங்' என்றே எழுதினர். 18ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் 'இஸ் பீயிங் பில்ற்' தலைகாட்டிற்று. அமெரிக்கரான றிச்சாட் கிறான்ற் வைற் 1870 இலும் இதனைக் கண்டித்தார்: 'இஸ்', 'பீயிங்' இரண்டும் ஒரே வினை; இருத்தலை இருமுறை கூறல் தருக்கத்துக்கு முரண் என்பது அவர் வாதம். வழக்கு அவரைப் பொருட்படுத்தவில்லை. இன்று 'இஸ் பில்டிங்' என்பதே அப்பொருளில் அந்நியமாக ஒலிக்கின்றது.

இங்கு வர்க்கத்தைக் கண்டுவிடத் துடிக்கும் நண்பர்கள் சற்றுப் பொறுத்தல் வேண்டும். மொழியை மேற்கட்டுமானமெனக் கொண்ட மாரின் கோட்பாட்டை ஸ்ராலின் 1950 இல் நிராகரித்தார். ஸ்ராலின் பற்றிய நமது பிற மதிப்பீடுகள் எவ்வாறாயினும், அம்முடிவு சரியானதே. தொடர்நோக்கு எவ்வர்க்கத்தின் உடைமையுமன்று. முதலாளியும் தொழிலாளியும் அதனை ஒருங்கே ஆள்கின்றனர். வர்க்கம் புகுவது, இன்னது வழு, இன்னது வழாநிலை எனத் தீர்ப்பளிக்கும் அதிகாரத்திலே. லத்தீன் கற்கும் வாய்ப்புடைய சிறுபான்மையினரின் தருக்கம் பொதுமக்கள் வாய்மொழிக்கு நீதிபதியாயிற்று. பன்னிரண்டு காலக் கணக்கும் அம்மரபின் எச்சமே.

மாணவரின் 'ஹாஸ் கம் யெஸ்ரடே'யைத் திருத்த வேண்டாமென நாம் கூறவில்லை. சிவப்பு மையால் அதனைக் கோடிடும் ஆசிரியர், 'வந்திருக்கிறான்' என்பதை அருகே எழுதி, இரண்டும் எங்கே பிரிகின்றன எனக் காட்டுவதற்கு இரண்டு நிமிடங்களே போதும்.