ஏவுவோரும் ஏவப்படுவோரும்: தொடக்ககால வீட்டுக் கணினிகளின் உரைச் சாகச விளையாட்டுகளில் முன்னிலையும் ஏவல்வினையும்

ஆய்வுச்சுருக்கம்

1970களின் இறுதி முதல் 1980களின் இறுதி வரை வீட்டுக் கணினிகளுக்காக வெளியிடப்பட்ட உரைச் சாகச விளையாட்டுகள் பெரும்பாலும் எழுத்தாலேயே இயங்கியவை. கணினி ஓர் இடத்தை விவரிக்கும். விளையாடுபவர் ஒரு கட்டளையைத் தட்டச்சு செய்வார். அதன் விளைவைக் கணினி எழுத்தில் கூறும். இவ்வகையை விடுகதையின் வழித்தோன்றலாகக் காணும் கருத்து மேலைத் திறனாய்வில் செல்வாக்குப் பெற்றுள்ளது. இவ்விளையாட்டுகளின் இலக்கியத் தன்மை புதிரில் அன்று, ஏவுபவரும் ஏவப்படுபவரும் ஒருவராகவே அமையும் இலக்கண நிலையில்தான் உள்ளது என்பதைத் தமிழ் இலக்கணம் வழங்கும் இடம், ஏவல் ஆகிய கருத்தாக்கங்களின் துணையுடன் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உரைச் சாகச விளையாட்டு, முன்னிலை, ஏவல்வினை, ஆற்றுப்படை, பிசி, நன்னூல், கணினித் தமிழ்

முன்னுரை

கணினித் தமிழ் ஆய்வுகள் எழுத்துரு, விசைப்பலகை, சொற்பகுப்பி, இயந்திர மொழிபெயர்ப்பு எனக் கருவிகள் சார்ந்தே பெரிதும் வளர்ந்துள்ளன. கணினியில் மட்டுமே இயங்கக்கூடிய பனுவல்களை இலக்கியமாகக் கொண்டு திறனாயும் முயற்சி ஒப்பீட்டளவில் குறைவு. மேலைப் பல்கலைக்கழகங்களில் இம்முயற்சி முன்னரே தொடங்கிவிட்டது. மேரி ஆன் பக்கிள்ஸ் 'அட்வெஞ்சர்' என்னும் ஒரே விளையாட்டைப் பொருளாகக் கொண்டு 1985ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் முனைவர் பட்ட ஆய்வேட்டை அளித்தார். எஸ்பென் ஆர்செத்தின் 'சைபர்டெக்ஸ்ட்' 1997இலும், நிக் மான்ட்ஃபோர்ட்டின் 'ட்விஸ்டி லிட்டில் பாசேஜஸ்' 2003இலும் வெளிவந்தன. இவற்றுள் மான்ட்ஃபோர்ட்டின் நூல் இவ்வகையின் மூதாதையாக விடுகதையை முன்வைக்கிறது. தொல்காப்பியம் செய்யுளியலில் பிசி என ஒரு வகையை வகுத்துப் பேசும் மரபினர் நாம். ஆதலின் இக்கருத்தை அப்படியே ஏற்பதற்கு முன் நம் மரபில் வைத்துச் சோதித்துப் பார்ப்பது பொருத்தமாகும்.

வகையின் தோற்றமும் பரவலும்

வில் குரோதர் ஒரு நிரலர். குகை ஆய்வில் ஈடுபாடுடையவர். கென்டக்கி மாநிலத்தின் மாமத் குகைத் தொகுதியில் தாம் அளந்து வரைபடமாக்கிய பகுதியை அடிப்படையாகக் கொண்டு 1975–76இல் பி.டி.பி-10 என்னும் பெருங்கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் 'அட்வெஞ்சர்' விளையாட்டை எழுதினார். ஸ்டான்ஃபோர்டில் இருந்த டான் உட்ஸ் 1977இல் அதனை விரித்தார். டென்னிஸ் ஜெர்ஸ் 2007இல் வெளியிட்ட ஆய்வு, குரோதரின் மூல நிரலையும் உண்மைக் குகையையும் ஒப்பிட்டு, விளையாட்டின் பாதைகள் பல அக்குகையின் பாதைகளே என்பதைக் காட்டியது.

பெருங்கணினியில் பிறந்த இவ்வடிவத்தை வீட்டிற்குக் கொணர்ந்தவர் ஸ்காட் ஆடம்ஸ். 1978இல் 16 கிலோபைட் நினைவகம் கொண்ட டி.ஆர்.எஸ்-80 கணினிக்காக அவர் 'அட்வெஞ்சர்லேண்ட்' விளையாட்டை ஒலிநாடாவில் வெளியிட்டார். எம்.ஐ.டி. நிறுவனத்தைச் சேர்ந்தோர் 1979இல் தொடங்கிய இன்ஃபோகாம், 1980இல் 'சோர்க்' விளையாட்டின் முதற்பகுதியை வீட்டுக் கணினிகளுக்கு வழங்கியது. மெல்போர்னின் பீம் சாஃப்ட்வேர் 1982இல் 'தி ஹாபிட்' விளையாட்டை உருவாக்கியது. பிரிட்டனின் கில்சாஃப்ட் 1983இல் வெளியிட்ட 'தி குவில்', நிரல் எழுதத் தெரியாதவரும் இத்தகைய விளையாட்டைப் படைக்க வழிசெய்தது.

இவ்விளையாட்டுகள் இயங்கிய கணினிகள் இந்தியாவுக்கும் வந்தன. 1984–85இல் நடுவண் அரசு தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தில் பி.பி.சி. மைக்ரோ கணினிகள் பயன்படுத்தப்பட்டன. 1980களின் பிற்பகுதியில் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரம் பிளஸ் கணினியை உரிமம் பெற்று இந்தியச் சந்தையில் விற்றது. ஆனால் கருவி வந்த வேகத்தில் எழுத்து வரவில்லை. ஸ்பெக்ட்ரம் கணினியில் பயனர் நேரடியாக வரைந்துகொள்ளத்தக்க குறியுருக்கள் 21 மட்டுமே. தமிழின் உயிர், மெய், ஆய்தம் ஆகியவையே 31. உயிர்மெய்யைச் சேர்க்கும் முன்னரே இடம் தீர்ந்துவிடுகிறது.

மூவிடமும் விளையாட்டும்

இவ்விளையாட்டுகள் முன்னிலையில் எழுதப்பட்டவை என்பது பொதுவான கூற்று. நுணுகிப் பார்த்தால் அக்கூற்று முழுமையானதன்று. 'அட்வெஞ்சர்' தன் அறிமுகத்தில் விளையாடுபவருக்குத் தானே கண்ணும் கையுமாக இருப்பதாகக் கூறித் தன்மையில் தொடங்குகிறது. இடங்களை விவரிக்கும்போதோ முன்னிலைக்கு மாறிவிடுகிறது. கண்ணும் கையும் கணினியுடையவை எனில், குகையில் நிற்பவர் யார் என்னும் வினாவை அது விடையின்றி விட்டுவிடுகிறது. ஸ்காட் ஆடம்ஸின் விளையாட்டுகள் இம்முரணைத் தன்மையின் பக்கமாகத் தீர்க்கின்றன. அங்கே காட்டில் நிற்பது 'நான்' என்று கணினியே சொல்கிறது. என்ன செய்வது என்று விளையாடுபவரைக் கேட்கிறது. இன்ஃபோகாம் முன்னிலையைத் தன் பொதுநெறியாக்கியது. ஆயினும் அறியாத சொல் ஒன்றைத் தட்டச்சு செய்தால் அதுவரை மறைந்திருந்த 'நான்' அங்கும் வெளிப்படும். அச்சொல் தனக்குத் தெரியாது என்று தன்மையில் பேசும். விளையாட்டின் உலகம் முன்னிலையிலும் அதன் எல்லை தன்மையிலும் அமைகின்றன.

படர்க்கைக்கும் சான்று உண்டு. மைக்கேல் பெர்லின் எழுதிய 'சஸ்பெண்டட்' (1983) விளையாட்டில், உறைநிலையில் கிடக்கும் மனிதர் ஒருவர் ஆறு எந்திரர்களை ஏவுகிறார். ஒன்று காணும், ஒன்று கேட்கும், ஒன்று தொட்டறியும். ஒரே அறையை ஒவ்வொன்றும் தன் புலனுக்கு ஏற்ப வேறுவேறாக விவரிக்கும். 'தி ஹாபிட்' விளையாட்டில் தோரின் முதலான பிற மாந்தரிடம் ஒரு செயலைச் செய்யச் சொல்லலாம். அவர்கள் மறுக்கவும் கூடும். நன்னூல் பதவியல் 'செய்' என்னும் ஏவலை அடுத்து 'செய்வி' என்னும் ஏவலைக் கூறுகிறது. ஏவப்பட்டவர் பிறரை ஏவும் இந்நிலையை ஆங்கிலத் திறனாய்வு தனிப்பெயரின்றி விவரிக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அதற்கு இலக்கணப் பெயரே உண்டு.

ஏவலின் தனித்தன்மை

ஏவல்வினை முன்னிலைக்கு உரியது. பேசுபவர் ஏவ, கேட்பவர் செய்வார். உரைச் சாகச விளையாட்டில் இவ்வுறவு வளைகிறது. விளையாடுபவர் 'எடு' என ஏவுகிறார். கணினி 'எடுத்தாய்' என மறுமொழி தருகிறது. ஏவியவரே செய்தவராகிறார். தனக்குத்தானே ஏவலிட்டு, அதன் நிறைவேற்றத்தைப் பிறர் வாயால் கேட்கும் இந்நிலை வேறு எழுத்து வகைகளில் இவ்வளவு முறையாக அமைவதில்லை. புதினத்தில் முன்னிலை வரும்போது வாசகர் கேட்பவர் மட்டுமே. நாடகத்தில் ஏவல் வரும்போது அது பாத்திரத்துக்குப் பாத்திரம்.

நன்னூலார் 'செய்' என்னும் ஏவல் பகாப்பதங்களுக்கு 23 ஈறுகளில் எடுத்துக்காட்டுகள் தருகிறார். அவற்றுள் நட, வா, விடு, வை, போ, உண், தின், பார், செல், கேள் ஆகியவை அடங்கும். தொடக்ககால உரைச் சாகச விளையாட்டு ஒன்றின் வினைச்சொல் பட்டியலை இவற்றோடு வைத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஒத்துப்போகும். நன்னூலார் விளையாட்டை முன்னுணர்ந்தார் என்பது இதன் பொருளன்று. ஏவலுக்கு வரும் அடிப்படை வினைகள் உடல் ஓர் உலகில் இயங்குவதற்கு வேண்டிய வினைகளாக இருப்பது இயல்பு என்பதே பொருள். விகுதி புணராத பகுதியே ஏவலாக நிற்கும் தமிழின் இயல்பும் இவ்விளையாட்டின் சுருங்கிய கட்டளை வடிவத்துக்கு இசைவானது.

ஆற்றுப்படையும் பிசியும்

முன்னிலையில் வழி கூறும் பனுவல் என்றதும் தமிழ் ஆய்வாளர் நினைவுக்கு முதலில் வருவது ஆற்றுப்படை. பரிசில் பெற்றவர் பெறாதவரை வழிப்படுத்துவது அதன் அமைப்பு. நன்னனின் செங்கண்மாவுக்குச் செல்லும் வழியைக் கூறும் மலைபடுகடாம், பன்றிக்கு வைத்த பொறிகளையும் பாம்பு உறையும் குழிகளையும் புனங்காவலர் எறியும் கவண்கல்லையும் எச்சரிக்கிறது. குரோதரும் தாம் நடந்த வழியையே, நடக்காதவர்க்கு முன்னிலையில் எழுதினார். நடந்து கண்டவர் சொல்ல, நடக்கப்போகிறவர் கேட்கும் உறவு இரண்டுக்கும் பொது.

ஒற்றுமை இங்கே முடிகிறது. ஆற்றுப்படையில் ஆற்றுப்படுத்தப்படுபவர் மறுமொழி கூறுவதில்லை, வழி தவறுவதுமில்லை. கூறப்பட்ட வழி கூறியவாறே நிறைவெய்தும். விளையாட்டிலோ வழி தவறுதலே வாசிப்பின் பெரும்பகுதி. ஆகவே ஆற்றுப்படையை இதன் முன்னோடி என்று அறிவிப்பது பெருமிதத்துக்கு உதவுமேயன்றி ஆய்வுக்கு உதவாது.

பிசியை எடுத்துக்கொண்டால், மறுமொழி என்னும் கூறு அதில் உண்டு. ஆயின் பிசிக்கு விடை ஒரு பொருள். விடை கண்டதும் பிசி முடிகிறது. விளையாட்டில் விடை ஒரு செயல். அதன் பின்னரும் உலகம் நீடிக்கிறது. ஸ்டீவ் மெரெட்ஸ்கியின் 'எ மைண்ட் ஃபாரெவர் வாயேஜிங்' (1985) இதற்குத் தக்க சான்று. இதன் பெரும்பகுதியில் புதிரே இல்லை. ஓர் அரசியல் திட்டம் நிறைவேற்றப்பட்டால் ராக்வில் என்னும் நகரம் என்னவாகும் என்பதைப் பத்தாண்டுக்கு ஒருமுறை பாவனை உலகில் சென்று பதிவு செய்வதே பணி. அங்கே 'நீ' எனப்படுவது பிரிசம் என்னும் கணினி. மனிதனாகவே தன்னை நம்பி வளர்ந்த கணினி. ஏவுபவர், ஏவப்படுபவர், ஏவலை நிறைவேற்றும் எந்திரம் ஆகிய மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. புதிரை நீக்கிய பின்னும் இப்பனுவல் சிதையாமல் நிற்கிறது. ஏவலை நீக்கினால் நிற்காது. விடுகதைக் கோட்பாட்டின் வரம்பை இது உணர்த்துகிறது.

தமிழில் அமையுமாறு

இவ்விலக்கணப் பார்வை நடைமுறையில் எதை வெளிக்கொணரும் என்பதை அறிய, கட்டுரையாளர் புனைந்த சிறு எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். விளையாட்டு இவ்வாறு தொடங்குவதாகக் கொள்வோம்: "நீங்கள் கறம்பக்குடிப் பேருந்து நிலையத்தில் நிற்கிறீர்கள். கிழக்கே பட்டுக்கோட்டைச் சாலை. மேற்கே புதுக்கோட்டைச் சாலை. அருகில் ஒரு மரம். அதனடியில் ஒரு விளக்கு."

முதற்சிக்கல் மரியாதை. ஆங்கிலத்தின் முன்னிலைப் பெயர் ஒருமையையும் மரியாதையையும் வேறுபடுத்துவதில்லை. தமிழில் 'நீ' என்றால் கணினி மூத்தவராகவோ நெருங்கியவராகவோ ஆகிறது. 'நீங்கள்' என்றால் பணியாளராகவோ அயலாராகவோ ஆகிறது. விளையாடுபவர் 'எடு' என்று ஒருமையில் ஏவ, கணினி 'எடுத்தீர்கள்' என்று பன்மையில் பணிந்தால், இருவருக்கும் இடையே ஏற்றத்தாழ்வு ஒன்று தானே பிறக்கிறது. அதைத் தெரிந்தே அமைப்பதும் அமைக்காமல் விடுவதும் படைப்பாளியின் முடிவு.

இரண்டாவது திசை. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு ஆகியவற்றின் முதலெழுத்துகள் நான்கும் வேறுபடுவதால் கி, மே, வ, தெ எனச் சுருக்கக் கட்டளைகள் எளிதில் அமையும். ஆனால் தமிழில் மேல், கீழ் என்பவை உயரத்தையும் திசையையும் ஒருங்கே குறிப்பன. மேலத்தெரு மேற்கில் உள்ளது, உயரத்தில் அன்று. 'மேலே போ' என்ற கட்டளைக்குப் புதுக்கோட்டைச் சாலையில் செல்வதா, மரத்தில் ஏறுவதா?

மூன்றாவது சொல்லின் வடிவம். அக்கால நிரல்கள் நினைவகத்தைச் சேமிக்கச் சொல்லின் முதற்சில எழுத்துகளை மட்டுமே ஒப்பிட்டன: 'அட்வெஞ்சர்' ஐந்து, 'அட்வெஞ்சர்லேண்ட்' மூன்று. உருபு சொல்லின் இறுதியில் சேரும் தமிழுக்கு இம்முறை பொருந்துவதுபோல் தோன்றும். விளக்கு, விளக்கை என்பவற்றுக்கு முதல் மூன்று எழுத்துகள் ஒன்றே. ஆனால் மரம், மரத்தில் என்பவை அத்துச் சாரியையால் மூன்றாம் எழுத்திலேயே பிரிகின்றன. வீடு, வீட்டை என்பவை ஒற்று இரட்டுவதால் இரண்டாம் எழுத்திலேயே பிரிகின்றன. இதற்கு விதி எழுதப் புதிய ஆய்வு வேண்டியதில்லை. நன்னூலின் புணர்ச்சி விதிகளை நிரலாக்கினால் போதும். மறுபுறம், ஆங்கில நிரல் சொல்வரிசையையும் முன்னிடைச்சொற்களையும் நம்பி அறிந்ததைத் தமிழில் வேற்றுமை உருபே அறிவித்துவிடும். 'விளக்கைப் பெட்டியில் வை' என்பதும் 'பெட்டியில் விளக்கை வை' என்பதும் ஒரே பொருளன.

பிறமொழியாளர் இத்தகைய சிக்கல்களைத் தம் இலக்கணத்தால் எதிர்கொண்டுள்ளனர். ஸ்பெயினின் அவெந்துராஸ் ஆ.டே. நிறுவனம் 1989இல் 'அட்வெஞ்சர்' விளையாட்டைத் தம் மொழியில் 'லா அவெந்துரா ஒரிஹினால்' என வழங்கியது. கிரஹாம் நெல்சன் 1993இல் உருவாக்கிய 'இன்ஃபார்ம்' என்னும் நிரல்மொழி பின்னர்ப் பல ஐரோப்பிய மொழிகளுக்கு ஏற்ப விரிக்கப்பட்டது.

முடிவுரை

இன்ஃபோகாம் 1986இல் ஆக்டிவிஷனுக்கு விற்கப்பட்டு 1989இல் மூடப்பட்டது. படங்கள் எழுத்தின் இடத்தைப் பெற்றன. ஆயினும் இவ்வகை எழுப்பிய இலக்கண வினா மறையவில்லை. கணினிக்குத் தட்டச்சு வழியே ஏவலிட்டு, அது எழுத்தால் தரும் மறுமொழியைப் படிப்பது இன்று அன்றாட வழக்காகிவிட்டது. அதைத் தமிழிலும் செய்கிறோம். எந்திரம் நம்மை 'நீ' என்பதா 'நீங்கள்' என்பதா, தன்னை 'நான்' என்று கூறிக்கொள்ளலாமா, 'மேலே' என்ற சொல்லை எங்ஙனம் கொள்ளும் என்னும் வினாக்களுக்குத் தமிழறிஞர்கள் விடை கூறாவிடின், வேற்றுமொழி இலக்கணத்தை அடியொற்றிய விடைகளே நிலைபெறும். இடம், ஏவல், வியங்கோள், சாரியை ஆகியவற்றைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பிக்கும் நம் துறைகள், அவற்றை எந்திரப் பனுவல்களின் திறனாய்வுக் கருவிகளாகவும் கையாள வேண்டும். ஒரு சிறு தமிழ் உரைச் சாகச விளையாட்டை இலக்கண வகுப்பின் பயிற்சியாக உருவாக்குவது அதற்கான எளிய தொடக்கமாக அமையும்.