மெதுவாக ஓடத் தெரிந்த பெட்டி

இரவு சிஃப்ட் முடித்து கூலிம் ஹைடெக் பூங்காவை விட்டு வெளியே வரும்போது மணி ஏழரை ஆகிவிடும். பசியாறிவிட்டுப் படுப்பதுதான் முறை. எனக்கு அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மடிக்கணினியைத் திறந்து, அதை முப்பத்தைந்து வருடம் பின்னுக்குத் தள்ளி, கறுப்புத் திரையில் ஒரு டாஸ் நிரலை ஓட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

லினக்ஸில் டாஸ் நிரலை ஓட்டுவது பழைய சாமான் சேர்க்கும் புத்தி என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் அதை ஒரு கைத்திறன் என்கிறேன். மற்றக் கணினி வித்தைகள் எல்லாம் வேகத்தைக் கூட்டுவதற்கு இருக்க, இது ஒன்றுதான் வேகத்தை அடக்கக் கற்றுத்தருகிறது.

முதல் தடையே சிப்பில் இருக்கிறது. 1985-இல் வந்த 386 சிப்புக்குள் பழைய 8086 போல நடந்துகொள்ளும் ஒரு தனி நிலை வைத்திருந்தார்கள். 1992-இல் லினக்ஸுக்கு வந்த, டாஸ் நிரல்களை ஓட்டும் டோசெமு அந்த நிலையைப் பிடித்துக்கொண்டுதான் ஓடியது. சிப்புகள் 64 பிட்டுக்கு மாறியபோது அந்தக் கதவு மூடப்பட்டது. 64 பிட் விண்டோஸில் பழைய நிரல்கள் ஓடாததற்கும் அதுதான் காரணம். டோசெமு 2 சுற்றுவழியில் சமாளிக்கிறது. 2002-இல் வந்த டாஸ்பாக்ஸ் போன வழியே வேறு. அது சிப்பிடம் எதையும் கேட்பதில்லை. சிப், திரை அட்டை, ஒலி அட்டை, நேரம் காட்டும் கடிகாரம் என்று ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக நடித்துக் காட்டுகிறது. நெதர்லாந்துக்காரர்கள் இருவர் தொடங்கியது. அவர்கள் மனத்தில் இருந்தவை பழைய விளையாட்டுகள் மட்டுமே. நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகை அதற்குள் ஓடும் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

அது நடித்துக் காட்டும் சிப் எங்களுக்கு அந்நியமில்லை. இன்டெல் 1972-இல் பினாங்கில் ஆலை போட்டது. பிறகு வந்த 8088 சிப் பலவற்றின் முதுகில் ‘மலேசியா’ என்று அச்சிட்டிருக்கும். 486 சிலவற்றில் அது ‘மலாய்’ என்று சுருங்கியிருக்கும். 1996-இல் திறந்த கூலிம் பூங்காவிலும் இன்டெல் இருக்கிறது. தோட்டத்து லயங்களிலிருந்து பஸ் ஏறி ஆலைக்குப் போன பெண்கள் அந்தச் சிப்பைத் தொட்டுப் பார்த்தவர்கள். அவர்கள் கையில் உருப்படியாக இருந்த பொருள், இன்று என் மடிக்கணினிக்குள் வெறும் கணக்காக ஓடுகிறது.

டாஸ்பாக்ஸை நிறுவுவது ஒரே வரிக் கட்டளை. திறந்ததும் இசட் டிரைவில் நிற்கும். லினக்ஸில் உள்ள ஒரு கோப்புறையைக் காட்டி ‘இதுதான் உன் சி டிரைவ்’ என்று மவுண்ட் செய்ய வேண்டும். அவ்வளவுதான் சடங்கு. ரசனை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

டாஸ்பாக்ஸில் ‘சைக்கிள்ஸ்’ என்று ஓர் எண் உண்டு. ஒரு மில்லி விநாடியில் எத்தனை கட்டளைகளை நிறைவேற்றலாம் என்பதற்கான வரம்பு அது. சாதாரண டாஸ் நிரலுக்கு அதுவாகவே 3000 வைத்துக்கொள்ளும். 286-க்கும் 386-க்கும் நடுவிலான வேகம் என்று சொல்லலாம். கண்ட்ரோலோடு எஃப்12-ஐ அழுத்தினால் ஏறும், எஃப்11 இறக்கும். குறைத்தால் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். அளவுக்கு மீறி ஏற்றினால் மடிக்கணினியே மூச்சுவாங்கி, ஒலி விட்டுவிட்டு வரும். பால்மரம் சீவியவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். பட்டையில் கத்தி ஆழமாகப் போகாவிட்டால் பால் வராது. ஒரு நூல் கூடிப்போனால் மரத்தில் காயம். அந்த ஆழம் கைக்குத்தான் தெரியும், அளவுகோலுக்குத் தெரியாது.

வேகமே ஒரு நிரலைக் கொன்ற கதையும் உண்டு. போர்லண்டின் டர்போ பாஸ்கலில் எழுதிய பல நிரல்கள் தொடங்கும்போதே கணினியின் வேகத்தை அளந்து பார்க்கும். கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், எத்தனை சுற்றுச் சுற்ற முடிகிறது என்று எண்ணி, அதை 55-ஆல் வகுக்கும். பென்டியம் 2 காலத்துச் சிப்புகள் சுற்றிய வேகத்தில் விடை 16 பிட்டுக்குள் அடங்காமல் போனது. உடனே ‘ரன்டைம் எரர் 200’. பூஜ்யத்தால் வகுத்துவிட்டாய் என்று அதற்குப் பொருள். யாரும் பூஜ்யத்தால் வகுக்கவில்லை! 3000 சைக்கிளில் அதே நிரல் முனகாமல் ஓடுகிறது.

தமிழுக்கு வருகிறேன். கனடாவில் சீனிவாசன் என்பவர் டாஸில் தமிழ் எழுத ஆதமி என்ற நிரலைச் செய்தார். இங்கே மலேசியாவில், பாவலர் முரசு நெடுமாறனின் மகன் முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் முரசு என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். டாஸ் திரையில் மொத்தம் 256 எழுத்துகளுக்குத்தான் இடம். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விட்டது. மிச்சத்தில் பிரெஞ்சு எழுத்துகளும் கட்டம் போடும் கோடுகளும் உட்கார்ந்திருந்தன. அவற்றைக் கிளப்பிவிட்டுத்தான் தமிழை உட்கார வைக்க வேண்டும். அதிலும் ஓர் எழுத்துக்கு 8 புள்ளி அகலம்தான். ‘ப’ அடங்கிவிடும், ‘ண’, ‘ஞ’ எப்படி அடங்கும்? இரண்டு கட்டங்களில் பாதி பாதியாக வரைந்து ஒட்டலாம், அல்லது முழுத் திரையையும் படமாக மாற்றி எழுத்தை வரையலாம். இரண்டு வித்தைகளையும் டாஸ்பாக்ஸ் அப்படியே காட்டுகிறது. விஜிஏ அட்டைக்குள் எழுத்துருவை மாற்றிப் போடும் வசதியைக்கூட அது நடிக்கிறதே, அங்கேதான் நான் சொக்கிப்போனேன். டோசெமு 2-ஐ வெறும் டெர்மினலில் ஓட்டினால் இந்த அழகு போய்விடும். மாற்றிப் போட்ட எழுத்துரு அங்கே தெரியாது. பத்திரிகை முழுக்கப் பிரெஞ்சும் கோடும்தான்.

கோப்புப் பெயர்களும் ஒரு சுவை. டாஸில் பெயர் 8 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதினால் ‘கல்யாணம்’ கச்சிதமாக 8. ‘தைப்பூசம்’ 9, ஆகவே மகரம் வெட்டப்படும். பாடாங் செராயில் எங்கள் சித்தப்பாவின் டிஸ்கெட்டில் இப்படி வால் அறுந்த தைப்பூசம் மூன்று இருக்கின்றன.

அந்தக் கோப்புகளைத் திறந்து பார்ப்பதோடு டாஸ்பாக்ஸின் எல்லை வந்துவிடுகிறது. அச்சடிக்கத் தெரியாது. அதற்கு அதன் கிளையான டாஸ்பாக்ஸ் எக்ஸ்தான் வேண்டும். அது பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் போலவே நடித்து, பக்கத்தைப் படக் கோப்பாகத் தரும். எழுத்தை வெட்டி இன்றைய யூனிகோடில் ஒட்டுவது மட்டும் நடவாது. 1999-இல் சென்னைத் தமிழ்நெட் 99 மாநாட்டில் டாம், டாப் குறியீடுகள் முடிவாகும் வரை ஒவ்வொரு நிரலும் தன் இஷ்டத்துக்குத் தமிழை வரிசைப்படுத்தியிருந்தது. அந்த நிரலை ஓட்டிப் பார்த்து, எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று ஒரு பட்டியல் நீங்களே எழுதத்தான் வேண்டும். நான் எழுதியது ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையை விழுங்கியது. முடிந்ததும் சித்தப்பா அடித்த பத்திரிகை ஒன்று கைப்பேசியில் வந்து நின்றது. அவர் பார்த்துவிட்டு, “அதில் இரண்டு பிழை இருக்குய்யா, அப்பவே இருந்துச்சு” என்றார்.

கெடாவில் கோயில் கமிட்டி, தமிழ்ப்பள்ளி, தோட்டத்து ஆபீஸ் அலமாரிகளில் இன்னும் டிஸ்கெட்டுகள் கிடக்கின்றன. நம் ஈரத்துக்குப் பூஞ்சணம் பிடித்திருக்கும். டிஸ்கெட்டின் தகட்டை நகர்த்தி உள்ளே பாருங்கள். வெள்ளையாகத் தெரிந்தால் டிரைவில் போடாதீர்கள், படிக்கும் தலையும் சேர்ந்து கெடும். சுத்தமாக இருந்தால் யூஎஸ்பி டிரைவில் போட்டு, லினக்ஸின் டிடி கட்டளையால் முழு டிஸ்கெட்டையும் ஒரே கோப்பாக நகல் எடுங்கள். திறந்து பார்ப்பதெல்லாம் அந்த நகலில் நடக்கட்டும். அதற்கும் முன்னால் மூலையில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளிவிடுங்கள். ஓட்டை தெரிந்தால்தான் எழுதத் தடை, மூடியிருந்தால் அழியக்கூடும்.