எடையில்லாத வாள், எடை தேவைப்படாத தீ

விஆர் ஹெட்செட் மாட்டிக்கிட்டு வாள் வீசிப் பார்த்த எல்லாருக்கும் இந்த ஏமாற்றம் நடந்திருக்கும். எதிரி கேடயத்தைத் தூக்குகிறான். நாம் ஓங்கி வெட்டுகிறோம். வாள் கேடயத்தில் பட்டதும் கன்ட்ரோலர் லேசாக அதிர்கிறது. ஆனால் நம் கை நிற்பதில்லை. கேடயம், நெஞ்சு, முதுகு எல்லாத்தையும் தாண்டி அந்தப் பக்கம் போய்விடுகிறது. அந்த நொடியில், 'அட, நம்ம ஹால்ல நின்னு காத்தைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கோம்' என்று உறைக்கும்.

அதே ஆள் பத்து நிமிஷம் கழித்து உள்ளங்கையில் ஒரு தீப்பந்தை வரவழைத்து எறிகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏமாற்றம் அவருக்கு வருவதில்லை. இரண்டுமே பொய்தான், இரண்டிலும் கையில் இருப்பது அதே பிளாஸ்டிக் கன்ட்ரோலர்தான். பிறகு ஏன் ஒன்று மட்டும் நம்பும்படி இருக்கிறது?

கொஞ்ச நாளாக மந்திரமும் சண்டையும் கலந்த விஆர் கேம்களை வரிசையாக ஆடிக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதிலையும், அந்தப் பதிலில் பாதியை நான் வாபஸ் வாங்க வேண்டி வந்த கதையையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் வாள். ஒரு கையால் பிடிக்கிற ஐரோப்பிய இடைக்கால வாள் சுமார் 1 கிலோவிலிருந்து ஒன்றரை கிலோவுக்குள் இருக்கும். நாம் யாரும் அதைத் தூக்கியிருக்க மாட்டோம். ஆனால் அரிவாளோ, கடப்பாரையோ, கிரிக்கெட் மட்டையோ தூக்கியிருப்போம். நீளமான ஒரு பொருளைச் சுழற்றினால் அது நம் மணிக்கட்டை எப்படி இழுக்கும், எதிலாவது மோதினால் முழங்கை வரைக்கும் எப்படி 'ஜிவ்'வென்று ஏறும் என்பதெல்லாம் உடம்புக்குத் தெரியும். அதனால் வாள் என்ற பொய்யை உடம்பு உடனே கண்டுபிடித்துவிடுகிறது.

கேம் செய்கிறவர்கள் இதைச் சமாளிக்க விதவிதமாக முயன்றிருக்கிறார்கள். 2017 கடைசியில் பிளேஸ்டேஷனுக்கும் 2018இல் கணினிக்கும் வந்த 'ஸ்கைரிம் விஆர்' இதைப் பற்றிக் கவலையே படவில்லை. வாள் எல்லாத்துக்குள்ளேயும் புகுந்து போகும். மணிக்கட்டை மட்டும் விசிறி ஆட்டுகிற மாதிரி ஆட்டினாலும் வெட்டு விழும். டிராகனை ஈ ஓட்டுவது போல விரட்டிவிடலாம்.

தென்னாப்பிரிக்காவின் ஃப்ரீ லைவ்ஸ் செய்த 'கோர்ன்' இதை நகைச்சுவையாக்கியது. அதில் ஆயுதங்கள் ரப்பர் போல வளையும். வேகமாக வீசினால் கதாயுதம் பின்னாலேயே தங்கி, பிறகு வந்து விழும். எடை இல்லை என்ற குறையை, எல்லாமே கார்ட்டூன் என்ற விதியாக மாற்றிவிட்டார்கள். ஷெல் கேம்ஸின் 'அன்டில் யூ ஃபால்' வேறு வழியில் போகிறது. எதிரி வெட்ட வரும்போது எந்தக் கோணத்தில் வாளைப் பிடிக்க வேண்டும் என்று காற்றில் ஒரு கோடு காட்டும். நாம் அங்கே கையைக் கொண்டுபோய் நிறுத்தினால் போதும். கேட்பது பலம் இல்லை, நேரமும் இடமும். ஏறக்குறைய ஒரு தாளக் கட்டு.

வார்ப்ஃபிராக் குழுவின் 'பிளேட் அண்ட் சோர்சரி'தான் இதில் தைரியமான முயற்சி. 2018 டிசம்பரில் முற்றுப்பெறாத நிலையிலேயே விற்பனைக்கு வந்து, 2024இல்தான் முழு வடிவம் பெற்றது. அதில் நீங்கள் பார்க்கிற கை உங்கள் கை இல்லை. உங்கள் கை போன இடத்துக்குப் போக முயற்சி செய்கிற இன்னொரு கை. கனமான கோடாரியை வேகமாக வீசினால் அந்தக் கை பின்தங்கும். கேடயத்தில் பட்டால் அங்கேயே நின்றுவிடும், உங்கள் நிஜக் கை மட்டும் தாண்டிப் போயிருக்கும். இரண்டு கையாலும் பிடித்தால் கோடாரி சொன்ன பேச்சைக் கேட்கும். கொஞ்ச நேரத்தில் நீங்களே அறியாமல் மெதுவாக வீச ஆரம்பித்துவிடுகிறீர்கள், கோடாரி நிஜமாகவே கனக்கிற மாதிரி.

இது ஆராய்ச்சியாளர்களுக்குப் பழக்கமான விஷயம். 2000ஆம் ஆண்டு அனத்தோல் லெக்குயே என்ற பிரெஞ்சு ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 'போலித் தொடு உணர்வு' பற்றி எழுதினார்கள். சாரம் எளியது: கை நகர்கிற அளவுக்கும் திரையில் பொருள் நகர்கிற அளவுக்கும் இடையே உள்ள விகிதத்தை மாற்றினால், எந்த எதிர்விசையும் இல்லாமலே எதிர்விசை இருப்பது போல மனிதர்கள் உணர்கிறார்கள். கண் சொல்வதை மூளை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடுவதில்லை. 1998இல் பாட்வினிக்கும் கோஹனும் வெளியிட்ட ரப்பர் கை சோதனையும் இதே குடும்பம்தான். தன் கையை மறைத்து, எதிரே ஒரு ரப்பர் கையை வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் தூரிகையால் வருடினால், ரப்பர் கையே தன்னுடையது போலத் தோன்ற ஆரம்பிக்கும்.

ஆக, வாளுக்கு எடை கொடுக்க இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது. தீப்பந்துக்கு? தீப்பந்து எவ்வளவு கனம் என்று கேட்டால் யாருக்குத் தெரியும்? ஒப்பிட்டுப் பார்க்க உடம்பில் எந்தப் பழைய கணக்கும் கிடையாது. அதனால் கண்ணும் காதும் சொல்வதை உடம்பு அப்படியே ஏற்றுக்கொள்கிறது. கன்ட்ரோலரின் லேசான அதிர்வுகூட வாளில் போதாமல் இருந்தது, இங்கே 'ஆமா, மந்திரம்னா இப்படித்தான் குறுகுறுக்கும் போல' என்று ஆகிவிடுகிறது. விஆரின் மிகப் பெரிய பலவீனத்தை மந்திரம் பலமாக மாற்றிக்கொள்கிறது. இது என் முதல் பதில்.

சரி, மந்திரம் போட்டால் மட்டும் போதுமா? எப்படிப் போடுகிறோம் என்பதில்தான் நல்ல கேமும் சுமாரான கேமும் பிரிகின்றன.

கையசைவால் மந்திரம் போடும் ஆசை விஆரைவிடப் பழையது. 2001இல் வந்த 'பிளாக் அண்ட் ஒயிட்'டில் மவுஸால் தரையில் வடிவம் வரைந்து அற்புதங்களை நிகழ்த்தலாம். 2002இல் வந்த, ஆர்க்கேன் உருவாக்கிய 'ஆர்க்ஸ் ஃபடாலிஸ்'ஸில் காற்றில் மந்திர எழுத்துகளை வரைய வேண்டும். சண்டைக்கு நடுவில் கோணலாக வரைந்துவிட்டு, மந்திரம் புஸ்ஸென்று போய், பூதத்திடம் அடி வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். 2016இல் கைகளைப் பின்தொடரும் கன்ட்ரோலர்கள் கடைக்கு வந்தபோது இந்த ஆசைக்கு ஏற்ற கருவி கிடைத்துவிட்டது. அந்த வருஷமே இன்சோம்னியாக்கின் 'தி அன்ஸ்போக்கன்' வந்தது. சிகாகோ நகரில் மந்திரவாதிகள் இருவர் எதிரெதிரே நின்று மோதுகிற கேம் அது.

போலந்தின் கார்பன் ஸ்டுடியோ 2018இல் முழுமையாக வெளியிட்ட 'தி விசார்ட்ஸ்' இந்த வகைக்கு நல்ல உதாரணம். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு கையசைவு. தீக்கு ஒன்று, கேடயத்துக்கு ஒன்று. பனி வில்லை ஒரு கையால் பிடித்து, மறு கையால் நாண் இழுத்து விட வேண்டும். ஸ்கைரிமிலோ மெனுவில் மந்திரத்தைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால் தீர்ந்தது. இரண்டையும் அடுத்தடுத்து ஆடினால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஒன்றில் நீங்கள் மந்திரவாதி. இன்னொன்றில் மந்திரத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்.

ஆனால் கையசைவு மந்திரத்திலும் ஒரு சிக்கல் உண்டு. கேம் எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்? ரொம்பக் கறாராக இருந்தால் பதற்றத்தில் ஒன்றும் பலிக்காது. ரொம்பத் தாராளமாக இருந்தால் எப்படி ஆட்டினாலும் பலிக்கும், அப்போது கையசைவு என்பது வேஷம் போட்ட பட்டன்தான். பல கேம்கள் இந்த இரண்டாவது பக்கம் சாய்ந்துவிடுகின்றன. முதல் அரை மணி நேரம் ஆச்சரியம், அதற்குப் பிறகு வெறும் சடங்கு.

இதைத் தாண்டியது என்று நான் நினைப்பது 'ரம்பிள்'. 2022இல் முன்னோட்ட நிலையில் விற்பனைக்கு வந்தது. மண்ணிலிருந்து வட்டு, தூண், பந்து, சுவர் என்று எழுப்பி, அவற்றை எதிராளி மேல் தள்ளுகிற சண்டை. எழுப்புவதற்கு ஒரு நிலை, தள்ளுவதற்கு ஒரு நிலை, மேலே தூக்குவதற்கு ஒரு நிலை. ஒவ்வொன்றும் தனித்தனி மந்திரம் இல்லை, சொற்கள் மாதிரி. தூணை எழுப்பி உடனே தள்ளலாம், அல்லது எதிராளி அனுப்பிய வட்டையே திருப்பி அனுப்பலாம். பத்துப் பன்னிரண்டு அசைவுகளைக் கற்றுக்கொண்டு அவற்றை நீங்களே வாக்கியமாகக் கோக்கிறீர்கள். அதனால் அங்கே திறமை என்று ஒன்று வளர்கிறது. ஒரு மாதம் ஆடியவருக்கும் நேற்று வந்தவருக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரியும்.

இங்கே 'பிளேட் அண்ட் சோர்சரி' பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொழில்நுட்பத்தில் அதுக்கு நிகர் இல்லை என்று ஒத்துக்கொள்கிறேன். தீ, மின்னல், ஈர்ப்பு என்ற மந்திரங்களை ஆயுதத்தில் ஏற்றவும் முடியும். ஆனால் அந்த எடையும் எதிர்ப்பும் கடைசியில் எதற்குப் பயன்படுகின்றன? எதிரியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கலாம், விளிம்பிலிருந்து தள்ளலாம். கேம் இவ்வளவு நுணுக்கமாக என் கைக்குப் பதில் சொல்கிறது. ஆனால் நான் ஆடிய வரை, என் கையை நிறுத்துவதற்கான காரணம் எதையும் அது தரவில்லை. அடித்துக் கீழே தள்ளியவனை விட்டுவிட்டால் எழுந்து வந்து மறுபடி வெட்டுகிறான், அவ்வளவுதான். இப்படி ஆடினால் நிஜத்தில் வன்முறை வரும் என்று சொல்ல வரவில்லை, அந்த வாதத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. என் குறை கலை சம்பந்தப்பட்டது. கைக்கு இவ்வளவு பெரிய அகராதியைக் கொடுத்துவிட்டு, பேச ஒரே ஒரு வாக்கியம்தான் என்றால் அது வீண்.

இப்போது வாபஸ் வாங்கும் பகுதி.

இவ்வளவு தூரம் யோசித்த பிறகு என் முடிவு இதுதான்: உடம்பால் போடுகிற மந்திரமே விஆரின் உண்மையான மந்திரம், பட்டன் மந்திரம் சோம்பேறித்தனம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். பழைய விபத்து ஒன்றில் அவருடைய இடது தோள் சரியாகக் கூடவில்லை, கையை நெஞ்சு உயரத்துக்கு மேல் தூக்க முடியாது. ஹெட்செட்டை மாட்டிவிட்டு, பெருமையாக 'தி விசார்ட்ஸ்' போட்டுக் கொடுத்தேன். தீ வந்தது. வில் வரவில்லை. மறுபடி முயன்றார். கேம் அவரைப் பொறுத்தவரை சும்மா நின்றது. சிரித்துக்கொண்டே கழற்றி, "எனக்கு வித்தை வராதுப்பா" என்றார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்து ஸ்கைரிமைப் போட்டேன். வலது கையில் தீ, இடது கையைத் தொடை மேல் வைத்தபடியே குணப்படுத்தும் மந்திரம், நாற்காலியில் உட்கார்ந்தே ஒரு மணி நேரம் ஆடினார். நான் சோம்பேறித்தனம் என்று எழுதிவைத்திருந்த அதே பட்டன்தான் அவரை மந்திரவாதியாக்கியது.

அப்புறம்தான் யோசித்தேன். இந்தக் கேம்கள் மனதில் வைத்திருக்கும் உடம்பு யாருடையது? இரண்டு கையும் நன்றாக வேலை செய்யும், நெடுநேரம் நிற்கும், ஏறக்குறைய அரைக் கிலோ ஹெட்செட்டைக் கழுத்து தாங்கும். சுற்றி இரண்டு மீட்டர் காலி இடம் இருக்கும். நம்ம ஊர் வீடுகளில் தலைக்கு மேலே சுத்துற ஃபேன் வேறு. கையை உயர்த்தி மின்னலை வரவழைக்கிற மந்திரம் எனக்கே பயமாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் பட்டனே போதும் என்று முடித்துவிடலாமா? அதுவும் இல்லை. நண்பர் இழந்தது பெரிய விஷயம்தான். அவருக்கும் வில் வந்திருக்க வேண்டும், அவருடைய கையால், அவருக்கு முடிகிற அசைவால்.

இது நடக்காத காரியம் இல்லை. 2007இல் வோப்ராக், வில்சன், லி ஆகிய மூவர் 'ஒரு டாலர்' என்று பெயர் வைத்து ஒரு எளிய வழிமுறையை வெளியிட்டார்கள். ஏறக்குறைய நூறு வரி நிரல். ஒரு வடிவத்தை ஒரே ஒரு தடவை வரைந்து காட்டினால் போதும், அடுத்த தடவை வரையும்போது அடையாளம் கண்டுகொள்ளும். அது தட்டையான பரப்பில் வரைவதற்கானது, காற்றில் அசையும் கைக்கு இன்னும் கொஞ்சம் வேலை வேண்டும். ஆனாலும், 'இதுதான் என் வில், இதைப் பார்த்து வெச்சுக்கோ' என்று ஆடுபவர் தன் அசைவைக் கேமுக்குக் கற்றுக்கொடுப்பது அப்படியொன்றும் எட்டாத விஷயமில்லை. எல்லாக் கேமும் முதல் பத்து நிமிஷம் நமக்குப் பாடம் எடுக்கிறது. அந்தப் பத்து நிமிஷத்தில் ஐந்தை நமக்குக் கொடுத்தால் போதும்.

மந்திரத்துக்கு எடை தேவையில்லை என்பது என் முதல் பதில். அதே காரணத்தால் மந்திரத்துக்கு ஒரே சரியான அசைவும் தேவையில்லை. வாளை இப்படித்தான் பிடிக்கணும் என்று சொல்ல வாளுக்கு ஒரு எடையும் நீளமும் இருக்கிறது. தீப்பந்தை இப்படித்தான் எறியணும் என்று சொல்ல யாருக்கும் எந்த ஆதாரமும் கிடையாது. அந்த நண்பர் அடுத்த தடவை வரும்போது மாட்டிவிட இப்படி ஒரு கேம் இருந்தால் சொல்லுங்க.