நிர்பீக் கைத்துப்பாக்கி: ஒரு மதிப்பீடு

நிர்பீக், பெண்களுக்கான கைத்துப்பாக்கி என்ற அறிவிப்போடு இந்தியாவில் வெளிவந்த .32 அளவு ரிவால்வர். கான்பூரில் உள்ள அரசின் ஃபீல்டு கன் தொழிற்சாலை இதைத் தயாரித்தது. 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தது. நிர்பீக் என்ற இந்திச் சொல்லுக்கு அச்சமற்றவர் என்று பொருள். 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கொடுமைக்குப் பின் நாடெங்கும் வழங்கிய 'நிர்பயா' என்ற பெயரை இது நினைவூட்டியது. எடை சுமார் 500 கிராம். அறிமுக விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி போன்ற பெட்டியில் வைத்து விற்கப்பட்டது.

தற்காப்புக்காக உடலோடு எடுத்துச் செல்லும் சிறிய துப்பாக்கி எப்படி இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அரசு நிறுவனம் அளித்த விடை என்ற வகையில் நிர்பீக் ஆராயத்தக்கது.

அமைப்பு

நிர்பீக் புதிய கண்டுபிடிப்பு அன்று. அரசுத் தொழிற்சாலைகள் முன்பே செய்துவந்த .32 ரிவால்வரின் எடை குறைந்த வடிவம். அந்த மூல ரிவால்வர் பிரிட்டிஷ் வெப்ளி வகையைச் சேர்ந்தது. குழலை முன்புறமாக மடித்தால் சுழல் அறை திறக்கும், வெடித்த தோட்டாக்களின் கூடுகள் ஒன்றாக வெளியேறும். ஆறு தோட்டாக்கள் கொள்ளும். ஒரு தோட்டா வெடிக்காமல் போனாலும் விசையை மறுபடி இழுத்தால் அடுத்த தோட்டா வந்து நிற்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு இது நல்ல வசதி.

பழைய எஃகு ரிவால்வரின் எடை சுமார் 700 கிராம். நிர்பீக்கில் டைட்டானியம் கலந்த உலோகத்தைப் பயன்படுத்தி 200 கிராம் குறைத்தார்கள். கைப்பையில் வைத்துச் செல்ல இது எளிது. ஆனால் சுடும்போது நிலைமை வேறு. ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு துப்பாக்கிகளில் எடை குறைந்ததே கையை அதிகம் உதைக்கும். எடை 700 கிராமிலிருந்து 500 கிராமாகக் குறையும்போது பின்னுதைப்பின் ஆற்றல் ஏறத்தாழ 40 விழுக்காடு கூடும். பழக்கம் இல்லாத கைக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட துப்பாக்கி, பழக்கத்தை இன்னும் அதிகமாகக் கேட்கிறது.

தோட்டாவின் அளவு

வெளிநாடுகளில் கைத்துப்பாக்கி வாங்குவோர் 9 மி.மீ. நல்லதா, .38 நல்லதா என்று விவாதிப்பது வழக்கம். இந்தியாவில் அந்த விவாதத்துக்கு இடமில்லை. 9 மி.மீ. பிஸ்டல், .38, .455 அளவுக் கைத்துப்பாக்கிகள் ஆகியவை தடை செய்யப்பட்ட அளவுகள் என்று வகுக்கப்பட்டுள்ளன. சாதாரணக் குடிமகனுக்கு எஞ்சுபவை பெரும்பாலும் .32, .22 ஆகிய இரண்டே.

நிர்பீக் சுடும் .32 தோட்டா, 1896இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் அறிமுகம் செய்த 'லாங்' வகை. இதன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவே. பின்னுதைப்பு குறைவு, குறி தவறுவது குறைவு என்பது இதன் நன்மை. நெருக்கமான தொலைவில் மட்டுமே பயன்படும் என்பது இதன் வரம்பு. பின்னர் இஷாப்பூர் தொழிற்சாலையிலிருந்து வந்த 'நிடர்' இன்னும் சிறியது: .22 அளவு, சுமார் 250 கிராம். 2023 ஆகஸ்டில் கான்பூர் அரசு நிறுவனம் வெளியிட்ட 'பிரபல்' மீண்டும் .32 அளவே. ஆனால் அதன் சுழல் அறை பக்கவாட்டில் திறக்கும். எடையும் 675 கிராம். எடையைக் குறைப்பதே முன்னேற்றம் என்ற எண்ணம் ஒன்பது ஆண்டுகளில் மாறிவிட்டதை இது காட்டுகிறது.

சட்டம் சொல்வது

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு இரண்டு வகை விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்கிறது. காவலுக்காக 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல் கொண்ட துப்பாக்கி, பயிர்க்காவலுக்காக முன்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஆகியவற்றைக் கேட்டால், மறுக்கச் சட்டப்படியான காரணம் இல்லாதபோது உரிமம் வழங்க வேண்டும். கைத்துப்பாக்கி கேட்பவரோ தமக்கு அதற்குத் தக்க காரணம் உண்டு என்று அதிகாரியை ஏற்கச் செய்ய வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமக் காலத்தை மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீட்டியது.

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ முழுவதும் மறைத்தே கொண்டு செல்ல வேண்டும். ஆகவே மறைத்து எடுத்துச் செல்வது இங்கே உரிமதாரரின் விருப்பம் அன்று, கடமை. வீட்டில் பூட்டி வைக்க வேண்டும். தேர்தல் அறிவிப்பு வந்தால் பெரும்பாலான உரிமதாரர்கள் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, தேர்தல் முடிந்த பிறகே திரும்பப் பெற முடியும்.

கொங்கு நாட்டில் இதன் பொருத்தம்

கிணத்துக்கடவு வட்டாரத்தில் ஊருக்குள் குடியிருப்பவர்களைப் போலவே தோட்டத்துச் சாளைகளில் தனித்து வாழ்பவர்களும் உண்டு. பிள்ளைகள் கோவையிலோ வெளிநாட்டிலோ இருக்க, தென்னந்தோப்பு நடுவே வயதான அப்பாரும் அம்மாயியும் மட்டும் இருக்கும் வீடுகள் பல. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்டனர். 2025இல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதிக்கும் அதே கதி நேர்ந்தது. இத்தகைய செய்திகளுக்குப் பின் 'ஒரு துப்பாக்கி இருந்தால்' என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்த அச்சம் கற்பனை அன்று.

ஆனால் நிர்பீக் போன்ற கைத்துப்பாக்கி அந்த அச்சத்துக்கு மருந்தாகுமா என்பதே கேள்வி. நள்ளிரவில் நாய் குரைக்கிறது. கண்ணாடி தேடி, சாவி தேடி, பீரோவைத் திறந்து, தோட்டா நிரப்பி, இருட்டில் வந்திருப்பது திருடனா பக்கத்துத் தோட்டத்து ஆளா என்று அறிந்து, நடுங்காத கையால் குறிவைக்க வேண்டும். எழுபது வயதில் இத்தனையும் சில நொடிகளில் நடக்க வேண்டும். அப்போது தோட்டா .32 ஆக இருந்தாலும் .22 ஆக இருந்தாலும் முடிவு பெரிதாக மாறப்போவதில்லை. மேலும், துப்பாக்கி இருக்கும் வீடு என்று ஊரறிந்தால் அந்தத் துப்பாக்கியே திருடனுக்கு இலக்காகும்.

மதிப்பீடு

ஒரு பொறியாகப் பார்த்தால் நிர்பீக் குறைகூறத்தக்கது அன்று. நம்பகமான பழைய அமைப்பு, எளிய இயக்கம், அளவான தோட்டா ஆகியவை அதன் நிறைகள். நாள்தோறும் பெருந்தொகையுடன் பயணம் செய்பவருக்கு, அச்சுறுத்தல் இருப்பதை அதிகாரியிடம் நிறுவக்கூடியவருக்கு, மாதந்தோறும் சுட்டுப் பழகுபவருக்கு இது பயன்படலாம். அவருக்கும்கூட 500 கிராமைவிட 700 கிராம் ரிவால்வரே நல்ல தேர்வு.

பெண்களின் பாதுகாப்புக்கான விடை என்று இதை முன்வைத்ததுதான் பெரும் பிழை. ஒரு லட்சத்துக்கு மேல் விலை, எளிதில் கிடைக்காத உரிமம், பயிற்சிக்கு ஆகும் செலவு ஆகிய மூன்றையும் தாண்டக்கூடிய பெண்கள் மிகச் சிலரே. பேருந்தில் வேலைக்குப் போய்வரும் பெண்ணும் தோட்டத்து வீட்டு அம்மாயியும் அந்தக் கணக்கில் இல்லை. எடை என்ற சிறிய சிக்கலைத் தீர்த்துவிட்டு, பெரிய சிக்கல்களை அப்படியே விட்டுவிட்டது இந்தத் துப்பாக்கி. தோட்டத்து வீடுகளுக்கு வேண்டியவை வெளிச்சம், உறுதியான கதவு, கூப்பிட்டால் ஓடிவரும் அக்கம்பக்கம், இரவு ரோந்து. துப்பாக்கி பற்றிய பேச்சு அவற்றுக்கு அடுத்தபடியாகவே வர வேண்டும்.