மரிக்கார் பேசியது யாருடைய தமிழ்?

1976இல் வெளிவந்த 'கோமாளிகள்' ஈழத்துத் தமிழ்ப் படங்களில் தனி வகை. படம் வருமுன்பே அதன் பாத்திரங்களைச் சனங்கள் குரலால் அறிந்திருந்தார்கள். எஸ். ராமதாஸ் எழுதி இலங்கை வானொலியில் ஒலிபரப்பான 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரிலிருந்துதான் அது பிறந்தது. தொடரில் ராமதாஸ் மரிக்கார், ரி. ராஜகோபால் அப்புக்குட்டி, எஸ். செல்வசேகரன் உபாலி, பி. எச். அப்துல் ஹமீட் ஐயர். படத்தை இயக்கியவர் எஸ். இராமநாதன்.

தமிழகப் படங்களோடு சண்டைக்காட்சியிலும் ஆடல் பாடலிலும் போட்டிபோட நம்மவர்களிடம் காசு இருக்கவில்லை. போட்டிபோட்ட இடங்களில் வறுமைதான் வெளியே தெரிந்தது. பகிடிக்கு அந்தக் கஷ்டமில்லை. பின்னாலிருக்கிற சுவர் வெளிறிப் போயிருந்தாலும் பேசுகிற வாய் சரியென்றால் போதும். 'கோமாளிகள்' கொண்டுவந்த முதல், காசில்லாமல் கிடைத்த முதல்: சோனகரின் தமிழ், யாழ்ப்பாணத்தார் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ் என்று இந்த நாட்டில் நடமாடும் தமிழ்கள்.

முஸ்லிம் அல்லாத ராமதாஸ் மரிக்காரானார். வானொலியில் முஸ்லிமான ஹமீட் ஐயரானார். 1983க்கு முந்திய அந்த ஆண்டுகளில், ஒருவர் வாய்மொழியை மற்றவர் எடுத்துப் பேசி எல்லாரும் சேர்ந்து சிரிக்க முடிந்திருக்கிறது. அதை நான் சின்ன விசயமாக நினைக்கவில்லை. மரிக்கார் என்ற பெயர் ராமதாஸோடு ஒட்டியே போயிற்று; 2016இல் அவர் சென்னையில் காலமானபோதும் 'மரிக்கார் ராமதாஸ்' என்றுதான் சொன்னார்கள்.

ஆனாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மரிக்கார் என்பதே மேற்குக் கரையோரத்துப் பெயர். அங்கே 'ஈக்கிது' என்பது கிழக்கில் 'இரிக்கி'. 'மறுகா' என்றால் கொழும்பில் எத்தனை பேருக்கு விளங்கும்? வயலும் களப்பும் நம்பி வாழுகிற கிண்ணியா, குறிஞ்சாக்கேணிச் சனங்களின் பேச்சு அந்தச் சிரிப்பில் இல்லை. ஒரே மரிக்கார் முழுச் சமூகத்துக்கும் நாக்காகிவிட்டார். ராமதாஸின் காதைக் குறை சொல்ல மாட்டேன். கூர்மையான காது அது. அவர் கேட்டு எழுதினார். எங்கட ஆக்கள் தங்கட பகிடியைத் தாங்களே படமாக எழுதவில்லை என்பதுதான் என் குறை.

எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு மகாராஷ்டிராவின் மாலேகானைப் பார்க்கலாம். விசைத்தறி ஊர், பெரும்பான்மை முஸ்லிம்கள். அங்கே வீடியோ அரங்கு நடத்திய நாசிர் ஷேக், 'ஷோலே' படத்தைக் கேலிசெய்து ஊரவர்களை வைத்தே ஒரு படம் எடுத்தார். மிதிவண்டி, கமராவை நகர்த்தும் வண்டியாயிற்று. பாத்திரங்கள் பேசியது மாலேகான் பேச்சு. பிறகு அவர்கள் 'சூப்பர்மேன்' கேலிப்படம் எடுத்ததை ஃபைஸா அஹ்மத் கான் 2008இல் ஆவணப்படமாக்கினார். அதில் சூப்பர்மேன் ஓர் எலும்புந்தோலுமான விசைத்தறித் தொழிலாளி. ஊர் தன்னைத்தானே பார்த்துச் சிரிக்கிறது. வெளியாள் அதே படத்தை எடுத்திருந்தால் அது ஏளனமாகியிருக்கும்.

இப்போது கைத்தொலைபேசியில் படமெடுக்கும் பொடியன்மார் நம்மிடமும் இருக்கிறார்கள். கமரா அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் கமராவைத் திறந்ததும் வாயில் வருவது வடிவேலுவின் மதுரைத் தமிழ்! பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் காணாமற்போன ஆட்டுக்கு அறிவித்தல், நிக்காஹ் சாப்பாட்டில் சஹன் ஒன்று குறைந்துபோவது, வெட்டுக் காலத்தில் மழைமேகத்தைப் பார்த்து நிற்கிற வட்டானைக்காரர்: இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. சினிமாவே கூடாது என்பாரின் வாதத்தை இங்கே நான் தொடவில்லை. எடுக்கிறவர்கள் எடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உண்மையான முடிச்சு வேறிடத்தில் இருக்கிறது. எங்கட பேச்சின் உப்பும் புளியும் உம்மாமார், மூத்தம்மாமார் வாயில்தான். அவர்கள் திரைக்கு வரமாட்டார்கள். மாலேகானிலும் உள்ளூர்ப் பெண்கள் நடிக்காததால் வெளியூரிலிருந்து நடிகைகளை அழைத்தார்கள். அப்படிச் செய்தால் முகம் கிடைக்கும், பேச்சு தப்பிப்போகும். ஆண்பிள்ளைக்குச் சேலை கட்டினால் படம் அந்த இடத்திலேயே கீழே விழும். வானொலிக்காரர்கள் குரலை மட்டும் வைத்து ஒரு நாட்டையே சிரிக்க வைத்தார்கள். கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மூத்தம்மா ஏச, முற்றத்தில் நிற்கும் மருமகனின் முகத்தை மட்டும் காட்டுகிற ஒரு காட்சியை யாராவது எடுத்துப் பார்க்கட்டும்.